சான்றிதழ் சென்னையில், கடன் கொழிஞ்சாம்பாறையில்

நிதி நிறுவனங்களில் கம்ப்ளையன்ஸ் வேலை பார்ப்பவர்களின் மேசையில் இரண்டு வகைக் காகிதங்கள் சேரும். ஒன்று ரிசர்வ் வங்கிக்கு அனுப்ப வேண்டிய ரிட்டர்ன்கள். மற்றொன்று கிளைகளிலிருந்து வரும் கடன் கோப்புகள். முதல் வகையில் நிறுவனம் எப்போதும் ஒழுங்காகத்தான் தெரியும். மூலதனம், வாராக் கடன், ஒதுக்கீடு எல்லாம் கட்டத்துக்குள் அடங்கியிருக்கும். இரண்டாவது வகையைப் புரட்டும்போதுதான் நிறுவனம் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரியவரும். பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கியில் மறையூர், பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டிப்பெரியாறு, குமுளி. எல்லை நெடுக இருக்கும் இந்த ஊர்களின் நகைக்கடன், குழுக்கடன் கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தை இங்கே வாதமாக வைக்கிறேன். ஒரு நிதி நிறுவனத்தின் நடத்தையை அளக்கத் தலைமையகத்தை விட நல்ல இடம் அதன் எல்லைக் கிளை. கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுப்பது தலைமையகத்தைப் பார்த்து. அது தவிர்க்க முடியாதது. மேற்பார்வையும் அங்கிருந்தே தொடங்குவது மட்டும் தவறு.

அனுமதி எப்படித் தரப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். வங்கியல்லாத நிதி நிறுவனம் எதுவும் ரிசர்வ் வங்கியின் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்யக் கூடாது என்ற கட்டாயம் 1997-இல் வந்தது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-ஐ.ஏ பிரிவு அப்போது சேர்க்கப்பட்டது. பொதுமக்களிடம் பணம் திரட்டிய நிதி நிறுவனங்கள் விழுந்துகொண்டிருந்த காலம் அது, சி.ஆர்.பி. கேபிட்டல் மார்க்கெட்ஸ் சரிந்ததும் அதே ஆண்டுதான். அதனால் அந்தப் பிரிவு கேட்கும் கேள்விகளில் அந்தக் காலத்தின் கவலை அப்படியே பதிந்திருக்கிறது. வைப்புத்தொகை போட்டவர்களுக்கு முழுதாகத் திருப்பித் தர முடியுமா? அவர்கள் நலனுக்குக் கேடாக நிறுவனம் நடக்குமா? நிர்வாகத்தில் இருப்பவர்களின் தன்மை எப்படி? மூலதன அமைப்பும் வருமான வாய்ப்பும் போதுமா? அனுமதி கொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததா? இவற்றுக்குப் பதில் சொல்ல இயக்குநர்களின் பின்னணி, வங்கியரின் அறிக்கை, தொழில் திட்டம், தணிக்கையாளர் சான்று என்று கட்டுக்கட்டாகக் காகிதம் போகும். சொந்த நிதி 25 லட்சம் ரூபாய் இருந்தால் போதும் என்று தொடங்கிய வரம்பு, 1999-இல் புதிய நிறுவனங்களுக்கு 2 கோடியாகி, 2022 அக்டோபரில் 10 கோடியாக உயர்ந்தது. எல்லாம் தேவையான கேள்விகளே. ஆனால் இன்று இந்தத் துறையில் உள்ள நிறுவனங்களில் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க உரிமை பெற்றவை மிகச் சில. மற்றவற்றில் பெரும்பாலானவை கடன் கொடுப்பவை. அவற்றால் பாதிக்கப்படக் கூடியவர் கடன் வாங்குபவர். அனுமதிக்கான அந்தப் பட்டியலில் அவர் பெயர் சொல்லப்படவே இல்லை. ‘பொதுநலன்’ என்ற பரந்த சொல்லுக்குள் அவரை நாம்தான் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே சான்றிதழ் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு நிறுவனத்தின் மூலதனத்தையும் அதை நடத்துபவர்களையும் பற்றிய தீர்ப்பு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஊரில் அது அப்படிப் படிக்கப்படுவதில்லை. கிளையின் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய அந்தத் தாளைப் பார்ப்பவர், ரிசர்வ் வங்கியே இந்தக் கடைக்குப் பொறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். நிறுவனத்தின் நிதி நிலைமைக்கு ரிசர்வ் வங்கி பொறுப்போ உத்தரவாதமோ ஏற்கவில்லை என்ற வாசகத்தை வைப்புத்தொகை விளம்பரங்களில் போட வேண்டும் என்று விதி இருப்பதே இந்த மயக்கத்தை அறிந்ததால்தான். பிரிட்டனில் இதன் விலை மிகப் பெரிதாக இருந்தது. அங்கே நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதி பெற்ற லண்டன் கேபிட்டல் அண்ட் ஃபைனான்ஸ் என்ற நிறுவனம், அந்த ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வராத கடன்பத்திரங்களை விற்றது. நிறுவனத்துக்குக் கிடைத்த அனுமதியை மக்கள் பத்திரத்துக்கும் கிடைத்த அனுமதியாக நினைத்தார்கள். 2019 ஜனவரியில் அது விழுந்தபோது 11,000-க்கும் மேற்பட்டவர்களின் சுமார் 23.7 கோடி பவுண்டு சிக்கிக்கொண்டது. அதை ஆராய்ந்த எலிசபெத் குளோஸ்டரின் 2020 டிசம்பர் அறிக்கை, ஆணையம் அந்த நிறுவனத்தை முறையாக மேற்பார்வை செய்யவில்லை என்று கண்டது. நம் பக்கத்தில் 2020-இல் பத்தனம்திட்டா மாவட்டத்தின் பாப்புலர் ஃபைனான்ஸ் சரிந்தது. நகை அடகு வைக்கப் போய்ப் பழகிய கடை என்ற நம்பிக்கையில் வைப்புத்தொகையாகக் கொடுத்த பணம், பல எல்.எல்.பி. நிறுவனங்களின் கணக்கில் முதலீடாகக் காட்டப்பட்டிருந்ததாக விசாரணையில் சொல்லப்பட்டது. கடையின் முகப்பு ஒன்று, பணம் வாங்கிய நிறுவனம் வேறு. முகப்பை மட்டும் பார்க்கும் மேற்பார்வை இதைக் கண்டுபிடிக்காது.

எல்லைப் பகுதியில் இந்த இடைவெளி இன்னும் அகலமாவதற்குக் காரணம், நிறுவனத்தின் மேற்பார்வை அதன் பதிவு அலுவலகத்தைப் பின்பற்றுவது. சென்னையில் பதிவான நிறுவனம் ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகத்தின் பார்வையில் இருக்கும். அதன் கிளை சித்தூர் தாலுகாவில் இருந்தாலும் சரி, தேவிகுளம் தாலுகாவில் இருந்தாலும் சரி. ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளின்படி கிளையில் வைக்க வேண்டிய அறிவிப்பிலும் இதே தர்க்கம் உண்டு. ஒரு மாதத்துக்குள் புகார் தீரவில்லை என்றால், நிறுவனத்தின் பதிவு அலுவலகம் எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்த ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போகலாம் என்பது அதன் வாசகம். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் இதை எளிதாக்கியது உண்மை. எங்கிருந்தாலும் புகார் அனுப்பலாம், எல்லாம் சண்டிகரில் உள்ள மையத்துக்குப் போகும், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் கடன் மட்டும் கொடுக்கும் நிறுவனங்களில் 100 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சொத்து உள்ளவையே அந்தத் திட்டத்துக்குள் வரும்படி அது தொடங்கியது. எல்லை ஊர்களில் இரண்டு மூன்று தாலுகாக்களுக்குள் தொழில் செய்யும் சிறு நிறுவனத்தில் நகை வைத்தவருக்கு அந்தக் கதவு இல்லை. பெரிய நிறுவனத்தில் கடன் வாங்கியவரும் முதலில் நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஏல நாள் வந்துவிடும்.

பதிவு அலுவலகம் என்பது நிறுவனம் தானே தேர்ந்தெடுக்கும் இடம் என்பதையும் மறக்கக் கூடாது. கேரளத்தின் சிட்டி (சீட்டு) வரலாறே இதற்குச் சான்று. கேரள சிட்டிகள் சட்டம் 1975 கடுமையாக இருந்ததால், இங்கே ஆள் சேர்த்து இங்கே பணம் வாங்கிய குறிக் கம்பெனிகள் பல, தங்கள் சிட்டிகளை ஹரியானாவின் ஃபரீதாபாத்திலும் ஜம்மு-காஷ்மீரிலும் பதிவு செய்தன. வெளியே பதிவான சிட்டியில் 20 சதவீதமோ அதற்கு மேலோ சந்தாதாரர்கள் கேரளத்தில் இருந்தால் கேரளச் சட்டம் பொருந்தும் என்று மாநில அரசு 2002-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை போனது. மத்திய சிட்டி நிதிச் சட்டம் 1982 இயற்றப்பட்ட நாளிலேயே கேரளச் சட்டம் செல்லாததாகிவிட்டது என்று மார் அப்ரேம் குறிக் கம்பெனி வழக்கில் 2012 மே 8 அன்று தீர்ப்பு வந்தது. தீர்ப்புக்குச் சில நாள் முன்பே, ஏப்ரல் 30 முதல், மத்தியச் சட்டம் கேரளத்தில் நடைமுறைக்கு வந்திருந்தது. சட்ட நுணுக்கத்தில் மாநிலம் தோற்றிருக்கலாம். ஆனால் 2002 திருத்தத்தின் அடிப்படை எண்ணம் மிகச் சரியானது என்பது என் உறுதியான கருத்து. நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைக் காட்டிலும் அதன் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பதைக் கேட்ட திருத்தம் அது.

வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: அவர் என்ன மொழி படிப்பார்? சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியிலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களின் தோட்டங்களிலும் கடன் வாங்குபவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 இதை ஒப்புக்கொள்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். கடனுக்கும் விதி இருக்கிறது. கடன் வாங்குபவருக்கு அனுப்பும் எல்லாத் தகவலும் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ இருக்க வேண்டும் என்பது நியாய நடைமுறை விதி. சிக்கல் அந்த ‘வட்டார மொழியிலோ’ என்பதில்தான். மாநிலத்துக்கு ஒரு மொழி என்று தலைமையகத்தின் கணினியில் பதிந்திருக்கும். கேரளக் கிளை என்றால் மலையாளம் அச்சாகும். விதி நிறைவேறிவிட்டது என்று ரிட்டர்னில் குறி போடலாம். தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் பெண்ணின் கையில் அவரால் படிக்க முடியாத லோன் கார்டு. நகைக்கடனில் இதன் விளைவு நேரடியாகப் பணத்தில் தெரியும். ஏலத்துக்கு முன் இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியிலும் மற்றொன்று தேசிய அளவிலும், விளம்பரம் தர வேண்டும். கொழிஞ்சாம்பாறைக் கிளையின் ஏல விளம்பரம் மலையாள நாளிதழிலும் ஆங்கில நாளிதழிலும் வரும். அடகு வைத்தவர் பொள்ளாச்சிப் பக்கம் குடியிருப்பவராக இருக்கலாம், படிப்பது தமிழ் நாளிதழாக இருக்கலாம். விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டு, நகை கைமாறிப் போகும். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கெல்லாம் கட்டாயமான முக்கிய விவர அறிக்கை இதில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதச் செலவு என்பதோடு எல்லா விவரமும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட வேண்டும், விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது அது. ‘வட்டார மொழி’ என்ற தப்பிக்கும் வழி அதில் இல்லை.

குழுக்கடனில் இன்னொரு விஷயம் ஆழமாகப் பார்க்க வேண்டியது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மிக நல்ல விதி. ஆனால் வருமானம் என்ற கட்டத்தை நிரப்புவது கிளை ஊழியர். அவருக்கு மாத இலக்கு உண்டு. முதலில் கடன் தொகை முடிவாகும், பிறகு அதற்குத் தோதாக வருமானம் எழுதப்படும். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஒரு கிளையின் நூறு கோப்புகளை வரிசையாக வைத்தால், ஏலத்தோட்டத்துக்கு வாரக் கூலிக்குப் போகிறவரும், தேயிலைத் தோட்டத்தில் மாதச் சம்பளம் வாங்குபவரும், பெட்டிக்கடை நடத்துபவரும் ஏறக்குறைய ஒரே வருமானத்தோடு இருப்பார்கள். உண்மையான ஊரில் அப்படி இருக்காது. எல்லையில் குடும்பமே இரண்டு மாநிலத்தில் பிரிந்து கிடக்கும். மனைவி சாந்தன்பாறையில், கணவர் போடிநாயக்கனூரில். இருவருக்கும் வேறு வேறு முகவரி, வேறு வேறு நிறுவனத்தில் கடன். கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் இரண்டும் ஒரே குடும்பமாகச் சேராவிட்டால் பாதி வரம்பு என்பது வெறும் எண். 2024 அக்டோபர் 17 அன்று ரிசர்வ் வங்கி ஆசிர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸ், ஆரோகன், டி.எம்.ஐ. ஃபைனான்ஸ், நாவி ஃபின்சர்வ் ஆகிய நான்கு நிறுவனங்களும் புதுக் கடன் தருவதை நிறுத்தச் சொன்னபோது சொன்ன காரணங்களில் அதிக வட்டியோடு இதுவும் இருந்தது: குடும்ப வருமானத்தையும் ஏற்கெனவே உள்ள தவணைகளையும் விதிப்படி மதிப்பிடாதது. அவற்றில் ஆசிர்வாத், திருச்சூர் மாவட்டம் வலப்பாட்டில் தலைமையிடம் உள்ள மணப்புரம் ஃபைனான்ஸின் துணை நிறுவனம். நான்குமே முறையான சான்றிதழ் பெற்றவை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

வசூலைப் பற்றியும் விதிகள் நுணுக்கமாகவே இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை வசூலுக்காக அழைத்துத் தொல்லை செய்யக் கூடாது. இருதரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். தவணை வாரமா மாதமா என்பதும் கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்ப இருக்க வேண்டும். ஆனால் தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் தொழிலாளிக்கு 9 மணியிலிருந்து 6 மணி வரை என்பது முழுக்க வேலை நேரம். ஆகவே குழுவினர் கூடித் தவணை கட்டும் சென்டர் மீட்டிங் விடியும் முன்பே நடப்பது அவர்கள் வசதிக்கும்தான். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஒரு பெண் தவணை கொண்டு வரவில்லை என்றால், மற்றவர்கள் போட்டுக் கட்டும் வரை அத்தனை பேரையும் எழுந்து போக விடாமல் உட்கார வைப்பதுதான் குற்றம். ஜீப் போய்விட்டால் அன்றைய கூலி போயிற்று என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மிரட்டலுக்கு வாய் திறக்கவே வேண்டியதில்லை. இது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வசூல் நூறு சதவீதம் என்று மட்டும் இருக்கும். வசூல் நூறு சதவீதமாக இருக்கும் கிளையைப் பாராட்டும் மேற்பார்வை, முதலில் சந்தேகப்பட வேண்டிய கிளையைப் பாராட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு தொலைவில் இருக்கும் ரிசர்வ் வங்கியை ஏன் நம்ப வேண்டும், மாநில அரசிடம் கொடுத்துவிடலாமே என்ற மறுப்பு கேரளத்தில் வலுவானது. கொள்ளை வட்டிக்கு விடும் பிளேடு கம்பெனிகளை ஒடுக்க 2014-இல் கேரள போலீஸ் நடத்திய ஆபரேஷன் குபேரா போன்ற நடவடிக்கை, உள்ளூரில் கால் உள்ளவர்களால்தான் முடியும் என்பது அவர்கள் வாதம். அனுமதியே இல்லாமல் கந்து வட்டிக்கு விடுபவர் விஷயத்தில் இது சரி. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அதீத வட்டித் தடைச் சட்டங்கள் தனித்தனியே உள்ளன. அது போலீஸ் வேலை. ஆனால் ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனங்களுக்குக் கேரள வட்டித்தொழில் சட்டம் 1958 பொருந்தாது என்று நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 10 அன்று முடிவாகச் சொல்லிவிட்டது. பிறப்பிலிருந்து இறப்பு வரை இந்த நிறுவனங்களை ஆளும் முழுமையான அமைப்பு மத்தியச் சட்டத்திலேயே இருக்கிறது என்பது அதன் அடிப்படை. இரண்டு மாநிலச் சட்டங்களுக்கு நடுவே ஓடும் சாலையில் தொழில் செய்யும் நிறுவனத்துக்கு ஒரே சட்டம் இருப்பது நல்லதென்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மாநிலத்தை வெளியே நிறுத்தியபின் வேலந்தாவளத்துக் கிளைக்குப் பொறுப்பு முழுக்க ரிசர்வ் வங்கியுடையது. முழு அதிகாரத்தை வைத்துக்கொண்டு பாதிப் பார்வையோடு இருக்க முடியாது.

அதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கெடுபிடி கூடினால் நிறுவனங்கள் மலையை விட்டு இறங்கிவிடும், மக்கள் மறுபடி கந்து வட்டிக்காரர் வாசலுக்குப் போவார்கள் என்பது. 2010-இல் ஆந்திரத்தில் நடந்தது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு கொண்டுவந்த அவசரச் சட்டத்துக்குப் பின் அங்கே தவணை கட்டுவதே நின்றுபோனது, நுண்கடன் வற்றியது. நடந்தது உண்மை. ஆனால் அங்கே ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில் நான்கைந்து நிறுவனம் கடன் ஏற்றியபோது யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது கோடாரி எடுத்தார்கள். மேற்பார்வை இல்லாததன் விளைவை மேற்பார்வையின் விளைவாக எழுதக் கூடாது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011-இல் அறிக்கை தந்து, நுண்கடன் நிறுவனங்களுக்குத் தனி வகை உருவானது அதற்குப் பிறகுதான். 2024 நடவடிக்கையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதுக் கடன் மட்டும் நிறுத்தப்பட்டது. பழைய கடனின் வசூலும் சேவையும் தொடர்ந்தன. நாவிக்கு டிசம்பரிலும் மற்றவற்றுக்கு 2025 ஜனவரியிலும் தடை நீங்கியது. நகைக்கடனில் ஐ.ஐ.எஃப்.எல். ஃபைனான்ஸ் மீது 2024 மார்ச் 4-இல் வந்த தடை, தங்கத்தின் தரத்தையும் எடையையும் கடன் தரும்போது ஒரு விதமாகவும் ஏலத்தில் வேறு விதமாகவும் மதிப்பிட்டது போன்ற குறைகள் சரிசெய்யப்பட்டபின் செப்டம்பர் 19-இல் நீங்கியது. ஒரு நிறுவனமும் ஊரைவிட்டு ஓடவில்லை.

ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், அவற்றின் எண்ணற்ற கிளைகள். எப்படிப் போய்ப் பார்ப்பது என்று கேட்பார்கள். அளவைப் பொறுத்து நிறுவனங்களை அடுக்குகளாகப் பிரித்து, பெரியவற்றைக் கூர்ந்து பார்க்கும் முறை 2022 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருப்பதும் இந்தக் காரணத்தால்தான். நியாயமான முறை. நான் கேட்பது எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி அல்ல. மாதிரிக்கு எடுக்கும் கிளைகளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை மாற்றச் சொல்லி. தலைமையகத்துக்குப் பக்கத்திலோ வியாபாரம் அதிகம் உள்ள நகரத்திலோ இருக்கும் கிளைகள் எப்போதும் தயாராகவே இருக்கும். மாதிரியில் ஒரு கிளையாவது நிறுவனத்தின் பதிவு மாநிலத்துக்கு வெளியே, கிளையின் அச்சு மொழியும் வாடிக்கையாளரின் மொழியும் வேறாக உள்ள இடத்தில் இருக்கட்டும். எம்.எஃப்.ஐ.என்., சா-தன் போன்ற சுயக் கட்டுப்பாட்டு அமைப்புகள் போதுமென்பவர்களுக்கும் இதுதான் பதில். ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று நிறுவனங்களே கடன் தர வேண்டும் என்று எம்.எஃப்.ஐ.என். 2024-இல் வகுத்த வரம்பு பயனுள்ளது. ஆனால் வருமானக் கட்டத்தில் எழுதியது உண்மையா என்று உறுப்பினரின் சந்தாவில் நடக்கும் அமைப்பு உறுப்பினரைக் கடிந்து கேட்பதற்கு எல்லை உண்டு.

அப்படிப்பட்ட கிளையில் ஆய்வாளருக்கு ஒரு நாள் போதும். கடந்த ஆறு மாதத்தில் ஏலம் போன நகைகளின் பட்டியலை எடுத்து, அடகு வைத்தவரின் கையெழுத்து எந்த மொழியில் இருக்கிறது, அறிவிப்பு எந்த மொழியில் போயிருக்கிறது என்று பொருத்திப் பார்க்கலாம். குழுக்கடன் கோப்புகளில் வருமான எண்களை ஒரே தாளில் எழுதிப் பார்க்கலாம். புகார்ப் பதிவேடு வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம். தமிழ் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, முன்னறிவிப்பில்லாமல் ஒரு சென்டர் மீட்டிங்குக்குப் போய் அது முடியும் வரை நிற்கலாம். சென்னை அலுவலகத்தின் ஆய்வாளரும் திருவனந்தபுரம் அலுவலகத்தின் ஆய்வாளரும் சேர்ந்தே வந்தால், போடியில் ஒரு கடனும் பூப்பாறையில் ஒரு கடனும் உள்ள குடும்பத்தின் இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க முடியும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். முக்கிய விவர அறிக்கை விதியும், 2022 நுண்கடன் விதிகளும், ரிசர்வ் வங்கிச் சட்டம் தரும் ஆய்வு அதிகாரமும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.